நுரை அடங்கும் நேரம்

மாலை ஆறரை மணிக்கு ஷரபுதீன் அண்ணன் கரண்டியை எடுத்து, கெட்டிப்பால் டின்னின் விளிம்பில் நான்கு முறை தட்டுவார். மூன்று தட்டு சீராக வரும். நான்காவது கொஞ்சம் தாமதிக்கும். பிறகுதான் கரண்டி டின்னுக்குள் இறங்கி, பாலை அள்ளி, கிளாசின் அடியில் விடும். மற்ற நேரங்களில் ஒரு தட்டு, அல்லது தட்டே இல்லை. ஆறரைக்கு மட்டும் நான்கு.

அந்த நேரத்தில் சுவரில் இருக்கும் டிவியில் 'லயத்து நிலவு' தொடரின் பெயர் ஓடிக்கொண்டிருக்கும். விடியற்காலை, புகை, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நீளமான ஒரு லயத்து வரிசை. கேமரா ஒவ்வொரு கதவாக மெதுவாகக் கடந்து போகும். அண்ணனின் கண் அதன் மேல் இருக்கும், கை டின் மேல் இருக்கும்.

"ஏன்ணே நாலு தட்டு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"டின்னு வாயில பால் ஒட்டிக்கும்லா தம்பி. தட்டுனாதான் எறங்கும்."

மற்ற நேரங்களில் ஒட்டாதா என்று அடுத்துக் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது கேள்வி கேட்கும் துணிச்சல் எனக்கு எப்போதும் வருவதில்லை.

கடை சிம்பாங் பூலாய் முச்சந்தியில் இருக்கிறது. கேமரன் மலையிலிருந்து கோசும் தக்காளியும் ஏற்றி வரும் லோரிகள் அங்கே மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஈப்போவுக்குத் திரும்பும். பின்னால் பாதி அறுக்கப்பட்ட சுண்ணாம்பு மலை. நான் அந்த மலையை அறுக்கும் குவாரிகளில் ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வேலை முடிந்ததும் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் ஒரு கவிதைப் புத்தகத்தோடு உட்காருவேன். அங்கிருந்து டிவியும் தெரியும், தேநீர் மேடையும் தெரியும். புத்தகத்தைவிட மேடையைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. ஒல்லி. இருபது வருடம் தே இழுத்ததில், அதாவது தேநீரை ஆற்றியதில், வலது தோள் இடதைவிட ஒரு விரல் உயர்ந்து நிற்கிறது. ஒரு கை மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே. இரண்டு குவளைகளுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு கயிறு. அந்தக் கயிறு அறுந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை.

இந்தக் கடை டிவிக்கு வாய் கிடையாது. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பந்து விளையாட்டின்போது மலாய் மேசை சத்தத்தைக் கூட்டச் சொல்ல, சீனப் பெரியவர்கள் குறைக்கச் சொல்ல, குடும்பத்தோடு வந்திருந்த தமிழ்ப் பெண்கள் நாடகம் போடச் சொல்ல, கடைசியில் ஒரு நாற்காலி பறந்தது. முதலாளி சத்தத்தை அடைத்து, ரிமோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து சண்டை இல்லை. சத்தம் போனதும் படம் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது.

அப்படித்தான் அண்ணன் 'லயத்து நிலவு' தொடரை இரண்டு வருடம் பார்த்தார், ஒரு வசனமும் கேட்காமல். வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போகும்போது தொடரும் முடிந்திருக்கும், வீட்டிலும் தூங்கியிருப்பார்கள். வாயசைவையும் முகத்தையும் கையையும் பார்த்தே கதையைக் கட்டிக்கொண்டார். அதில் ஒரு பெரிய தவறும் செய்தார். தொடரின் வில்லி மரகதம், அதாவது இரண்டாவது மருமகளாக நடிக்கும் துளசி என்ற நடிகை, அவள்தான் கதாநாயகி என்று ஏழு மாதம் நம்பிக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்தபோது லோரிக்காரர் ஐயாவு விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, அவ மாமியாருக்கு வெஷம் வச்சவ!"

"அப்படியா? நா மருந்துன்னு நெனச்சேன்." அண்ணன் வெட்கப்பட்டார். பிறகு விட்டுக்கொடுக்காமல் சொன்னார்: "ஆனா ஒண்ணுலா ஐயாவு. மத்தவங்க எல்லாம் கேமராவப் பாத்து அழுவுறாங்க. இந்தப் பொண்ணு மட்டும்தான் எதிர்ல நிக்கிறவங்களப் பாக்குது. அடுத்தவங்க பேசி முடிக்கிற வரைக்கும் கேக்குது. கெட்டவ அப்படிக் கேப்பாளா?"

அன்று வீட்டுக்குப் போய் ஓர் அத்தியாயத்தைச் சத்தமில்லாமல் போட்டுப் பார்த்தேன். சோக இசை போனதும் பாதிப் பேரின் கண்ணீர் வெறும் தண்ணீராகத் தெரிந்தது. துளசி மட்டும் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐயாவுதான் அண்ணனை டெலிகிராம் ரசிகர் குழுவில் சேர்த்துவிட்டார். 'லயத்து நிலவு குடும்பம்'. நாலாயிரத்து இருநூறு பேர். தைப்பிங்கில் ஒரு பல் மருத்துவமனை முகப்பில் வேலை செய்யும் தினேஸ்வரி அதை நடத்துகிறார். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் தன் பெயரும் குடும்பம் வாழ்ந்த ரப்பர் தோட்டத்தின் பெயரும் போட வேண்டும். தோட்டம் இன்று செம்பனைக் காடாகியிருக்கும், தாமான் என்ற குடியிருப்பாகியிருக்கும், கோல்ப் திடலாகியிருக்கும். போடுகிறவர் கோலாலம்பூர் அடுக்குமாடியில் பிறந்தவராகக்கூட இருக்கலாம். இருந்தாலும் அப்பாவின் தோட்டத்தையோ தாத்தாவின் தோட்டத்தையோ போட்டுவிட வேண்டும். நானும் அப்பாவின் தோட்டத்தைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். அதன் பிறகு ஒரு வரியும் எழுதியதில்லை. அது வேறு விஷயம்.

'பேரு, தோட்டம் போடுங்கண்ணே' என்று தினேஸ்வரி கேட்டபோது அண்ணன் ஒரே சொல்லில் பதில் போட்டார்: 'கடை.'

'சரி, கடை அண்ணே, உள்ள வாங்க' என்று ஒரு சிரிப்பு முகத்தோடு பதில் வந்தது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதற்கு மேல் அவர் எழுதமாட்டார். குரல் பதிவுதான் போடுவார். பத்து விநாடி, பின்னணியில் தட்டுகள் மோதும் சத்தம். "இன்னைக்கு அந்த அக்கா மூணு தடவ தே கிளாச எடுத்து வச்சாங்க, ஒரு மொடக்கு குடிக்கல. அவ்வளவு மோசமாலா தே?" இன்னொரு நாள்: "காலைல அஞ்சு மணின்னு காட்றாங்க. நெழலு காலடியில கெடக்கு. மத்தியானம்லா அது." வேறொரு நாள்: "ரப்பர் பால் வாளிய தூக்கிக்கிட்டு அந்தப் பொண்ணு ஓடுது. நெறஞ்ச வாளியோட ஓட முடியாதுமா. தோளு ஒரு பக்கம் சாயும்." உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டார்கள். "தே வாளியும் அப்படித்தான்லா" என்று பதில் போட்டார்.

குழு அவரை விரும்பியது. சில பேர் இப்போதெல்லாம் தாங்களும் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்ப்பதாகவும், எங்கே இசை அழச் சொல்கிறது, எங்கே முகம் அழுகிறது என்று பிரித்துப் பார்ப்பதாகவும் எழுதினார்கள். அண்ணன் அந்தச் செய்திகளை என்னிடம் வாசிக்கக் கொடுப்பார். நான் வாசிக்க வாசிக்க மேடையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைப்பார்.

குழுவில் முடியாத வழக்கு ஒன்று இருந்தது. பெயர் ஓடும்போது காட்டும் அந்த லயம் எந்தத் தோட்டத்தில் இருக்கிறது? தயாரிப்பாளர்கள் சொல்லவில்லை. லயம் எல்லாம் ஒரே மாதிரிதானே. ஆளாளுக்கு எங்களது எங்களது என்றார்கள். "தெலுக் இந்தான் பக்கம்ணே, எங்க தோட்டமேதான், அந்தத் தண்ணிப் பைப்ப எனக்குத் தெரியும்" என்று ஐயாவு கடையில் சத்தியம் செய்வார்.

"இருக்கலாம்லா" என்பார் அண்ணன்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில் குழுவுக்கு அந்த வீடியோ வந்தது. பதினோரு விநாடி. துளசி ஏதோ ஒரு கடையில் உட்கார்ந்து யாருக்கோ பேட்டி கொடுக்கிறாள். முன்னால் ஒரு கிளாஸ் தே. "தோட்டத்து ஆளுங்களுக்கு என்னா தெரியும், அழுதா போதும்" என்கிறாள். சட்டென்று முகம் கிட்டத்தில் வருகிறது. "அதான் உண்மை" என்று சிரிக்கிறாள். அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் அறுநூறு கோப முகங்கள் அதன் கீழே குவிந்துவிட்டன. நடுவில் ஒரே ஒரு சிவப்பு இதயம். போட்டவர் பெயர்: கடை அண்ணே.

நான் சோறு சாப்பிட வந்த நேரத்தில் ஐயாவு கடைக்குள் நுழைந்தார். செருப்புச் சத்தமே சரியில்லை.

"என்னாண்ணே, ஹார்ட்டு போட்டிருக்கீங்க?"

"எதுக்கு?"

"எதுக்கா? துளசி வீடியோவுக்கு! ஊரே காறித் துப்புது, நீங்க ஒரு ஆளு ஹார்ட்டு."

"ஓ, அதுவா. தே நல்லா இழுத்திருந்தான்லா. ரெண்டு வெரலு நுரை. யாரு கடைன்னு கேக்கலாம்னு நெனச்சேன்." சொல்லிக்கொண்டே ஐயாவுக்கும் ஒரு கிளாஸ் இழுத்து முன்னால் வைத்தார்.

"அவ என்னா பேசுறான்னு கேட்டீங்களா இல்லையா?"

"சத்தம் வைக்கல."

ஐயாவு தன் போனை எடுத்து அண்ணனின் காதோடு ஒட்டி வைத்து ஓடவிட்டார். அண்ணன் அப்போது அடுத்த மேசைக்குத் தே இழுத்துக்கொண்டிருந்தார். கயிறு அறுந்தது. கொதிக்கும் தே கை மேல் விழுந்தது. கையை உதறவில்லை. "இன்னொரு வாட்டி போடு" என்றார். மறுபடியும் கேட்டார்.

"கேட்டீங்கல்ல? எங்கம்மா அம்பது வருஷம் பால்மரம் சீவுனவங்க. டிவியில இவ அழுதா எங்கம்மா எந்திரிச்சு நின்னு அழும். அவங்களுக்குத் தெரியாதாம், அழுதா போதுமாம்!" ஐயாவு போனைப் பைக்குள் திணித்தார். "வியாழக்கெழம சாயந்தரம் கடுதாசி டிவிக்காரங்களுக்குப் போவுது. அதுக்குள்ள ரெண்டாயிரத்து எண்ணூறு கையெழுத்து சேந்துடும். அவள நாடகத்துல இருந்து தூக்கணும். நீங்களும் போடுங்க."

அண்ணன் குவளையைக் கீழே வைத்தார்.

"போடமாட்டீங்க. எனக்குத் தெரியும். நீங்க தே கலக்குற ஆளு. தோட்டத்துல கெடந்தவனுக்குத்தான் வலிக்கும். உங்களுக்கு எங்க வலிக்கும்?"

அண்ணன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, "தே குடி ஐயாவு. ஆறிடும்" என்றார்.

ஐயாவு குடிக்கவில்லை. தொடவே இல்லை. எழுந்து போய் லோரியைக் கிளப்பிவிட்டார்.

அந்தக் கிளாஸ் மேடை மேலேயே இருந்தது. அண்ணன் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தன் போனை எடுத்தார். சத்தத்தை அடைத்துவிட்டு அந்தப் பதினோரு விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"தம்பி, இங்க வா."

போனேன். ஐயாவு விட்டுப்போன கிளாசைக் காட்டினார். "யாரும் குடிச்சாங்களா?"

"இல்லண்ணே."

"அளவு?"

"அப்படியே இருக்கு."

"நுரை?"

நுரை இல்லை. ஓரத்தில் மெல்லிய ஒரு வளையம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது போனைக் காட்டினார். முதல் ஐந்து விநாடி துளசியின் முன்னால் இருக்கும் கிளாசில் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை. முகம் கிட்டத்தில் வந்த பிறகு, படத்தின் ஓரத்தில் பாதி அறுபட்டுத் தெரியும் அதே கிளாசில் வளையம் மட்டும். தேயின் அளவு மாறவில்லை. குடிக்கவில்லை. அவள் கிட்டத்தில் வந்தது தெரிந்தது. இடையில் நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை.

"ஒரு விநாடியில நுரை அடங்காதுலா" என்றார் அண்ணன்.

புதிதாக ஒரு கிளாஸ் இழுத்தார். போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்து, கிளாசை மட்டும் படம் எடுத்தார். "பாஸ், தே ஓ பெங் சத்து!" என்று ஒரு சீனப் பெரியவர் கூப்பிட்டது அதில் பதிந்திருக்கிறது. அண்ணன் இடது கையாலேயே அந்தப் பாலில்லாத ஐஸ் தேயைக் கலந்து கொடுத்ததும், யாரோ கிளாசை எடுக்க வர "ஜாங்ஙான் சென்டூ", தொடாதே, என்று தடுத்ததும் அதில் உண்டு. மற்றபடி படத்தில் ஒன்றுமே நடக்காது. ஒரு கிளாஸ் இருக்கும், நுரை மெதுவாக வாடும். ஏழு நிமிடம். கடைசியில் அவர் குரல்: "இந்த கிளாச யாரும் தொடல. அளவப் பாருங்க, நுரையப் பாருங்க. அப்பறம் துளசி வீடியோவ சத்தம் இல்லாம பாருங்க. நடுவுல ஏழு நிமிஷம் காணோம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்த ஏழு நிமிஷம் எங்கன்னு கேளுங்க."

நான் இதுவரை பார்த்த படங்களில் மிகவும் பொறுமையானது அதுதான். குழு அப்படி நினைக்கவில்லை.

'என்னாண்ணே, நுரை ஜோசியமா?'

'ஏழு நிமிஷம் பாத்தேன், அடுப்புல சோறு கருகிப் போச்சு. யாரு பொறுப்பு?'

'கடைக்கு வெளம்பரம் போடுறாரு, தூக்குங்கப்பா.'

'கடைக்காரன் கடையப் பாக்கட்டும். இது தோட்டத்து ஆளுங்க விஷயம்.'

கடைசி வரிக்கு நானூறு பேர் கைதட்டியிருந்தார்கள். அண்ணன் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இந்த முறை மேடையைத் துடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் தினேஸ்வரியே கூப்பிட்டுவிட்டார். அண்ணனின் இரண்டு கையிலும் குவளை. போனை ஒலிபெருக்கியில் போட்டு சீனி டப்பா மேல் வைக்கும்படி அண்ணன் என்னிடம் சொன்னார். அதனால் நானும் கேட்டேன்.

"அண்ணே, ஏன்ணே இப்படிப் பண்றீங்க? ஆளுங்க உங்கள குழுவ விட்டுத் தூக்கச் சொல்றாங்க."

"தூக்கணும்னா தூக்குமா. ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

"டிவிக்காரங்களும் பயந்துட்டாங்கண்ணே. கடுதாசி வந்தா மரகதத்த லோரியில அடிச்சுக் கொன்னுடுவாங்களாம், அடுத்த வாரமே. ஒரு ஆளு சொன்னாரு." ஒரு பெருமூச்சு. "அந்தக் கடுதாசிய எழுதுனதே நாந்தான்ணே. இப்ப நா பின்னால போனா என் மேலதான் துப்புவாங்க."

"பின்னால போவச் சொல்லலமா. நடுவுல உள்ளதப் பாத்துட்டு அனுப்புன்னுதான் சொல்றேன். அதுலயும் அந்தப் பொண்ணு அப்படித்தான் பேசியிருந்தா, மொத கையெழுத்து என்னோடது."

"நீங்க துளசி ரசிகரா?"

"அது கொரலையே நேத்துதான்மா கேட்டேன்."

அந்தப் பக்கம் தினேஸ்வரி சிரிக்கும் சத்தம் வந்தது. உடனே நின்றது. "பாக்குறேன்ணே" என்று வைத்துவிட்டார்.

புதன் முழுக்க ஒரு செய்தியும் இல்லை. ஐயாவு எதிர்க் கடையில் தே குடித்தார். வேண்டுமென்றே எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஆறரைக்குப் பெயர் ஓடியது. நான்கு தட்டு. மரகதம் வந்தாள், யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் சாகப் போகிறாளா இல்லையா என்பது இப்போது தைப்பிங்கில் ஒரு பல் மருத்துவமனை முகப்பில் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் தினேஸ்வரி முழுப் பேட்டியையும் குழுவில் போட்டார். ஈப்போவுக்கு வெளியே ஒரு சிறிய இளைஞர் மன்றம் நேரலையில் எடுத்தது. நாற்பத்தாறு நிமிடம். அந்த மன்றத்தின் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்களே தொண்ணூறு பேர்தான். அதில் துளசி சொல்கிறாள்: "பெரிய எடத்துல ஒருத்தரு என்கிட்ட சொன்னாரு, தோட்டத்து ஆளுங்களுக்கு என்னா தெரியும், அழுதா போதும்னு. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. எங்கப்பா தோட்டத்துல காவலு பாத்தவரு." வெகுநேரம் கழித்து, நாடகத்தில் வாங்கிய அறை உண்மையா நடிப்பா என்று ஒரு பையன் கேட்கிறான். கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரிக்கிறாள்: "அதான் உண்மை."

கீழே தினேஸ்வரி எழுதியிருந்தார்: 'கடுதாசிய நாந்தான் எழுதினேன். முழுசா பாக்காம எழுதினேன். அனுப்பல. திட்டுறவங்க என்னைத் திட்டுங்க. கடை அண்ணன யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க.'

எல்லாரும் திருந்திவிட்டதாக எழுத ஆசைதான். நூற்று நாற்பது பேர் குழுவை விட்டுப் போனார்கள். 'என்னதான் இருந்தாலும் அவ வாயிலதான் அந்த வார்த்த வந்துச்சு' என்று சிலர் கடைசி வரை எழுதிக்கொண்டே இருந்தார்கள். வீடியோவை வெட்டியது யார் என்று இன்றுவரை தெரியாது. அதைப் போட்ட கணக்கே மறைந்துவிட்டது. ஆனால் மரகதம் லோரியில் அடிபடவில்லை.

யாரோ ஒருவர் வேலை மெனக்கெட்டு இடைவெளியை அளந்திருந்தார். காணாமல் போனது ஏழு நிமிடம் இல்லை, கிட்டத்தட்ட ஒன்பது. அண்ணனுக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. "அங்க ஃபேன் ஓடல போல. நம்ம கடையில காத்து ஜாஸ்தி" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஐயாவு வந்தார். வாசலில் நின்று லோரிச் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். மன்னிப்பு கேட்கும் முகமாகவும் இல்லை, சண்டை முகமாகவும் இல்லை.

"அண்ணே, தே ஒண்ணு. நுரை ஜாஸ்தி."

"ஏழு நிமிஷத்துக்குள்ள குடிச்சிடணும்" என்றார் அண்ணன்.

"ஒம்பதுண்ணே. ஒம்பது."

அண்ணன் வழக்கத்தைவிட ஒரு சாண் உயரமாக இழுத்தார். ஐயாவு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீசையில் நுரையோடு நிமிர்ந்தார். கடை சிரித்தது.

அன்று கடையில் கூட்டம் குறைந்த பிறகு, எனக்குள் ஐந்து நாளாகக் கிடந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். "ஐயாவு அன்னைக்கு அப்படிப் பேசினாரே, குழுவுலயும் பேசினாங்களே. நீங்க ஒண்ணுமே திருப்பிச் சொல்லலையேண்ணே."

வடிகட்டித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். "என்னா சொல்றது?"

"ஏதாவது. உங்களப் பத்தி."

"என்னையப் பாத்து நம்புனா நாளைக்கு வேற ஒரு ஆளப் பாத்து மாத்தி நம்புவாங்கலா தம்பி. கிளாசப் பாத்து நம்பட்டும்." துணியை உதறிக் கொடியில் போட்டார்.

இந்த வருடம் ஏப்ரலில் 'லயத்து நிலவு' முடிந்தது. கடைசி அத்தியாயத்தில் நன்றிப் பட்டியல் வேகமாக ஓடியது. எழுத்துக்குச் சத்தம் தேவையில்லை என்பதால் கடையில் எல்லாரும் வாசித்தோம். 'புக்கிட் செராய் தோட்டம், சித்தியவான்.' ஐயாவு மேசையைக் குத்தினார். "தெலுக் இந்தான் இல்லையாடா!" அண்ணன் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குவளை கழுவிக்கொண்டிருந்தார்.

இப்போது ஆறரைக்கு வேறு தொடர். பெயர் ஓடும்போது ஒரு பங்களாவும் இரண்டு காரும் வருகின்றன. கரண்டி தட்டாமலேயே டின்னுக்குள் இறங்குகிறது. பால் ஒட்டுவதாகத் தெரியவில்லை.

அண்ணனின் மனைவி ஆமினா அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையின் பக்கவாட்டு மேசையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டுவார். தொடர் முடிந்த வாரத்து ஞாயிறு, பொட்டலத்துக்குக் காத்திருந்தபோது பேச்சுக்குச் சொன்னேன்: "அக்கா, அந்த லயம் சித்தியவான் பக்கமாம். புக்கிட் செராய்."

அக்கா நிமிரவில்லை. இலையில் சோறு வைத்து, சம்பல் வைத்து, பாதி முட்டை வைத்தார். "அவங்க பொறந்த எடம்லா அது."

"யாரு?"

"உங்கண்ணந்தான். இவங்க அத்தா அங்க பால் லோரி ஓட்டுனாங்க. பதினாறு வயசு வரைக்கும் இவங்களும் விடிய முன்ன ஆளெண்ணுற பெரட்டுக்கு நின்னு, பேரு குடுத்து, பால்மரம் சீவிட்டுத்தான் வருவாங்களாம்."

எனக்கு ஐயாவுவின் முகம் ஞாபகம் வந்தது. கைதட்டிய நானூறு பேர் ஞாபகம் வந்தார்கள். மேடையில் அண்ணன் யாருக்கோ தே இழுத்துக்கொண்டிருந்தார். மேலே கை, கீழே கை, நடுவே கயிறு.

"அப்ப அந்த லயத்துலயேவா இருந்தாங்க? எத்தனாவது வீடுக்கா?"

இரண்டாவது கேள்வி கேட்டுவிட்டேன். அக்கா அதற்குள் ரப்பர் வளையத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, வலது கையால் இலையை மடித்துப் பிடித்திருந்தார். பேச வாய் இல்லை. இடது கையைத் தூக்கி, கட்டை விரலை உள்ளே மடக்கிக் காட்டினார். நான்கு விரல்.